உளியும் சுண்ணாம்பும்

சித்தன்னவாசல் அறிவர் கோயிலுக்குள் நுழைகிறவர்கள் முதலில் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். விதானத்தில் தாமரைக் குளம், மீன்கள், அன்னங்கள், யானை, எருமை, பூப்பறிக்கும் மூன்று பேர். பக்கச் சுவரில் பாம்புக் குடையின் கீழ் அமர்ந்திருக்கும் பார்சுவநாதரும் கருவறையின் மூன்று உருவங்களும் இரண்டாம் பட்சம்தான். குன்று ஒன்று, பாறை ஒன்று, வேலை மட்டும் இரண்டு வகை. உருவங்கள் உளி வேலை. பாறையிலிருந்து கல் போனதால் வந்தவை, போன கல்லைத் திரும்ப வைக்க முடியாது. ஓவியமோ பாறையைத் தொடவே இல்லை. பாறைமேல் சுண்ணாம்புச் சாந்து, சாந்தின்மேல் வண்ணம். அதைப் புகையால் மூடலாம், மேலே இன்னொரு பூச்சுப் பூசலாம், பக்குவமாகச் சுத்தம் செய்து மீண்டும் வெளிக்கொண்டு வரலாம். பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்ததாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. அது ஒன்பதாம் நூற்றாண்டு. ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்து, 1930களில், சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் அந்தச் சாந்தையும் வண்ணத்தையும் சோதித்து அவை எவற்றால் ஆனவை என்று எழுதினார்.

புற்றுநோயைப் பற்றி நாம் படித்ததெல்லாம் பெரும்பாலும் உளி வேலையைப் பற்றித்தான். டிஎன்ஏவில் ஓர் எழுத்து மாறுகிறது, ஒரு துண்டு காணாமல் போகிறது, செல் கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. ஆனால் எழுத்து ஒன்றுகூட மாறாமல், மேலே படியும் வேதிப் பூச்சினாலேயே ஒரு மரபணு செயலற்றுப் போவதும் உண்டு. அந்தப் பூச்சுகளைப் படிக்கும் துறைதான் எபிஜெனடிக்ஸ். கருப்பையின் உட்சுவரில் தோன்றும் புற்றுநோயில் இந்தப் பூச்சு வேலை வழக்கத்தைவிட அதிகம். ஹார்மோன் ரத்தத்தில் இருக்கிறது, ஹார்மோனைக் கேட்க வேண்டிய மரபணுவும் பழுதில்லாமல் இருக்கிறது, ஆனாலும் செல் கேட்பதில்லை. ஏன் என்பதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கப் போகிறது.

இதைச் சித்தன்னவாசலில் தொடங்க இன்னொரு காரணமும் உண்டு. அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் புதுக்கோட்டையில்தான் 1886இல் முத்துலட்சுமி ரெட்டி பிறந்தார். மன்னர் கல்லூரியில் ஆண்களோடு சேர்ந்து படித்த முதல் பெண். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1923இல் தங்கை புற்றுநோயில் இறந்தது அவரை விடவே இல்லை. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். புற்றுநோய் வந்தால் பிழைக்க முடியாது, பிறகு எதற்கு மருத்துவமனை என்று கேட்ட காலம் அது. 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூனில் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. பின்னாளில் மருத்துவர் வி. சாந்தாவின் உழைப்பில் அது வளர்ந்த கதை ஊரறிந்தது.

அடையாறின் சாதனைகளில் அதிகம் பேசப்படாத ஒன்று, 1981இல் தொடங்கிய சென்னை மாநகரப் புற்றுநோய்ப் பதிவேடு. எந்த ஆண்டில், எந்த வயதில், எந்த உறுப்பில், எத்தனை பேருக்கு என்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக எழுதி வைத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் பெண்களின் புற்றுநோய்களில் கருப்பை வாய்ப் புற்றுதான் முதலிடம். அது படிப்படியாகக் குறைந்து, மார்பகப் புற்று முன்னேறியது. இந்த இரண்டு பெரிய கோடுகளின் நிழலில் மூன்றாவது கோடு ஒன்று மெல்ல ஏறிக்கொண்டிருக்கிறது. அதுதான் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய். கருப்பை வாய்ப் புற்று வைரஸ் தொற்றால் வருவது, தடுப்பூசி உண்டு. உட்சுவர்ப் புற்றுக்கு வைரஸ் காரணமில்லை, தடுப்பூசியும் இல்லை. அது ஹார்மோனின் வழியில் வருகிறது. உலகில் ஆண்டுதோறும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இது புதிதாகக் கண்டறியப்படுகிறது.

ஏறுவதற்கான காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள் 2015–16இல் 30.9 விழுக்காடு, 2019–21இல் 40.4 விழுக்காடு. கொழுப்புத் திசு சும்மா இருப்பதில்லை. அதிலுள்ள அரோமட்டேஸ் என்ற நொதி, அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஆண்ட்ரோஜன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. மாதவிலக்கு நின்று சூலகம் ஓய்ந்த பிறகும் உடலில் ஈஸ்ட்ரோஜன் ஊறிக்கொண்டிருப்பது இதனால்தான்.

ஈஸ்ட்ரோஜன் என்ன செய்கிறது? மாதவிலக்கு முடிந்த நாளிலிருந்து கருப்பையின் உட்சுவரை வளர்க்கிறது. சுரப்பிச் செல்கள் பெருகுகின்றன, சுவர் தடிக்கிறது. மாதத்தின் நடுவில் சூல்முட்டை வெளியேறியதும் புரோஜெஸ்டிரோன் வருகிறது. வந்ததும் பெருகுவதை நிறுத்தச் சொல்கிறது, செல்களைக் கருவைத் தாங்கும் வேலைக்குத் திருப்பிவிடுகிறது. கரு தங்காவிட்டால் சுவர் உதிர்ந்து மீண்டும் முதலிலிருந்து. சூல்முட்டை வெளியேறாத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் வருவதில்லை. பிசிஓடி உள்ள பெண்களுக்கு இப்படிப் பல மாதங்கள் கழியும். உட்சுவர் வளர்ந்துகொண்டே இருக்கும், நிறுத்தச் சொல்ல ஆளில்லை.

இதன் ஆபத்து அமெரிக்காவில் ஒரு கசப்பான அனுபவத்தின் வழியாகத் தெரிய வந்தது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அங்கே ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைத் தனியாக, புரோஜெஸ்டிரோன் சேர்க்காமல், தாராளமாகக் கொடுத்தார்கள். இளமை நீடிக்கும் என்று விளம்பரம் வேறு. 1975 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழின் ஒரே பதிப்பில் இரண்டு ஆய்வுகள் வந்தன. மாத்திரை சாப்பிட்டவர்களிடம் கருப்பை உட்சுவர்ப் புற்று பல மடங்கு அதிகம் என்று இரண்டுமே சொல்லின. அதன்பின் கருப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுப்பது நின்றது.

அப்படியானால் புரோஜெஸ்டிரோனையே மருந்தாகக் கொடுக்கலாமே? கொடுத்தும் பார்த்தார்கள், அதுவும் 1961லேயே. பாஸ்டனைச் சேர்ந்த ரீட்டா கெல்லியும் வில்லியம் பேக்கரும் நோய் முற்றிய பெண்களுக்குப் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தைச் செலுத்தினார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியது. நுரையீரலுக்குப் பரவிய கட்டிகள்கூடச் சுருங்கின. மற்றவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அதே நோய், அதே மருந்து. அன்று அதற்கு விளக்கம் இல்லை.

விளக்கத்தின் முதல் பாதி ஏற்பியில் இருந்தது. 1950களின் இறுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் கதிரியக்க ஹைட்ரஜன் சேர்த்த ஈஸ்ட்ரோஜனை எலிகளுக்குச் செலுத்தி அது எங்கே போகிறது என்று பார்த்தார். தசையிலும் ரத்தத்திலும் வந்து போய்விட்டது. கருப்பையில் மட்டும் தங்கியது. அங்கே அதைப் பிடித்து வைக்கும் புரதம் ஒன்று இருக்க வேண்டும் என்று முடிவுசெய்தார். ஸ்டீராய்டு ஹார்மோன் ஏற்பி என்ற எண்ணமே கருப்பையில் கிடைத்தது என்று சொன்னால் மிகையில்லை. இந்த ஏற்பிகள் ஹார்மோனைப் பிடித்ததும் நேரே டிஎன்ஏவில் போய் அமர்ந்து, குறிப்பிட்ட மரபணுக்களை வேலைசெய்ய வைக்கின்றன. பிற்பாடு புற்றுநோய்க் கட்டிகளில் புரோஜெஸ்டிரோன் ஏற்பியை அளந்து பார்த்தபோது கெல்லி–பேக்கர் புதிர் பாதி விடுபட்டது. 1999இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில், ஏற்பி இருந்த கட்டிகளில் 37 விழுக்காடு மருந்துக்கு இணங்கின. ஏற்பி இல்லாதவற்றில் 8 விழுக்காடுதான்.

சரி, ஏற்பி எங்கே போயிற்று? அதை உருவாக்கும் மரபணு உடைந்திருக்கும் என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றும். உடையவில்லை. 2013இல் 'நேச்சர்' இதழில் 373 கருப்பை உட்சுவர்ப் புற்றுக் கட்டிகளின் மரபணுத் தொகுதியை அலசிய பெரிய ஆய்வு வந்தது. பிடென், ஏஆர்ஐடி1ஏ, பி53 போன்ற மரபணுக்களில் உளி வேலை ஏராளம் தெரிந்தது. புரோஜெஸ்டிரோன் ஏற்பியின் மரபணு அந்தப் பட்டியலில் முக்கிய இடம் பிடிக்கவில்லை. எழுத்துகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. மூடியிருப்பது மேற்பூச்சு.

அந்தப் பூச்சின் வேதியியல் எளியது. டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்று சைட்டோசின். அடுத்து குவானின் வரும் இடங்களில் சைட்டோசினின்மேல் மெத்தில் தொகுதி ஒட்டிக்கொள்ளலாம். ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும், அவ்வளவுதான். மரபணுவின் தொடக்கத்தில் அதைப் படியெடுக்கத் தூண்டும் பகுதி ஒன்று உண்டு, புரோமோட்டர் என்பார்கள். அங்கே மெத்தில் நெருக்கமாகப் படிந்தால் அதைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் வருகின்றன. டிஎன்ஏ சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன்களிலிருந்து அசெட்டைல் தொகுதிகளை உரித்தெடுக்கும் நொதிகளை அவை கூட்டி வருகின்றன. டிஎன்ஏ இறுகிச் சுருள்கிறது. படியெடுக்கும் நொதிக்கு நுழைய இடமில்லை. செல் இரண்டாகப் பிரியும்போது இன்னொரு நொதி பழைய இழையில் மெத்தில் இருந்த இடங்களைப் பார்த்துப் புது இழையிலும் ஒட்டிவிடுகிறது. ஆக, ஒரு செல்லில் மூடியது அதன் வாரிசுகள் எல்லாவற்றிலும் மூடியே இருக்கும். இப்படி ஒன்று நடக்கக்கூடும் என்று 1975இல் ஆர்தர் ரிக்ஸும், ஹாலிடே–பியூ இணையும் தனித்தனியாக ஊகித்து எழுதினார்கள்.

புரோஜெஸ்டிரோன் ஏற்பி ஒரே மரபணுவிலிருந்து இரண்டு வடிவங்களாக உருவாகிறது: ஏ, பி. உட்சுவர்ப் புற்றுக் கட்டிகளில் பி வடிவத்தின் புரோமோட்டர் மெத்திலால் மூடியிருப்பதைப் பல ஆய்வகங்கள் கண்டன. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியிலும் இதேபோல் ஒரு வடிவம் மூடப்படுவதுண்டு. அப்படியென்றால் பி வடிவம்தான் காப்பான் என்று கதையை முடித்துவிட ஆசையாக இருக்கும். எலிகள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஏ வடிவத்தை நீக்கிய எலிகளில் மிஞ்சிய பி, உட்சுவரைப் பெருகத் தூண்டியது. எலியும் மனிதரும் இங்கே வேறுபடுகிறார்களா, அல்லது இரண்டு வடிவங்களின் விகிதம்தான் முக்கியமா என்பதில் துறைக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. இதை எளிமையாக்கிச் சொல்லும் கட்டுரைகளை நம்ப வேண்டாம்.

மூடியதைத் திறக்க முடியுமா? 1980இல் பீட்டர் ஜோன்ஸும் ஷெர்லி டெய்லரும் அசாசைட்டிடின் என்ற வேதிப்பொருள் மெத்திலேற்றத்தைத் தடுத்து, உறங்கிய மரபணுக்களை எழுப்புவதைக் காட்டினார்கள். பின்னாளில் ஏற்பி இல்லாத உட்சுவர்ப் புற்றுச் செல்களை வளர்ப்புத் தட்டில் வைத்து, இதே குடும்பத்தைச் சேர்ந்த மருந்தைக் கொடுத்தபோது பி வடிவ ஏற்பி திரும்பி வந்தது. ஹிஸ்டோனின் அசெட்டைலை உரிக்கும் நொதியைத் தடுக்கும் மருந்துகளும் அதையே செய்தன. வெறுமனே வந்து உட்காரவில்லை, வேலையும் செய்தது. முன்பு புரோஜெஸ்டிரோனைப் பொருட்படுத்தாத செல்கள் இப்போது அதற்கு அடங்கின. இந்த முடிவின் அழகைக் குறைத்துச் சொல்ல முடியாது. பிடென் மரபணு உடைந்த ஒரு செல்லில் அதைச் சரிசெய்ய இன்று மருந்தில்லை. மூடப்பட்ட ஏற்பியையோ தட்டில் ஒரு மருந்தால் திறந்துவிட முடிகிறது.

தட்டில்தான். மருத்துவமனையில் இல்லை. அசாசைட்டிடின் 2004இலிருந்து சில ரத்த நோய்களுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. கருப்பை உட்சுவர்ப் புற்றில் அது வழக்கச் சிகிச்சை ஆகவில்லை. பூச்சை நீக்கும் மருந்துக்கு எந்த இடத்துப் பூச்சு என்று தெரியாது என்பது பெரிய தடை. எங்கும் நீக்கும். மூடியே இருக்க வேண்டிய மரபணுக்கள் திறந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான வீடுகளில் இருக்கும் ஒரு மாத்திரையே சாட்சி.

டமாக்சிஃபென். மார்பகப் புற்று அறுவைக்குப் பிறகு ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்று சாப்பிடச் சொல்லும் மாத்திரை. மார்பகத்தில் அது ஈஸ்ட்ரோஜனுக்கு எதிரி. கருப்பையிலோ ஈஸ்ட்ரோஜனின் கூட்டாளி. 1998இல் வெளியான அமெரிக்க மார்பகப் புற்றுத் தடுப்புச் சோதனையில் டமாக்சிஃபென் எடுத்தவர்களிடம் கருப்பை உட்சுவர்ப் புற்று சுமார் இரண்டரை மடங்காக இருந்தது, பெரும்பாலும் ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம். ஒரே மருந்து, ஒரே ஏற்பி, இரண்டு உறுப்புகளில் எதிரெதிர் விளைவு எப்படி? இங்கேதான் ஏற்பிக்கும் பூச்சுக்கும் உள்ள உறவு வேறு பக்கத்திலிருந்து தெரிகிறது. ஹார்மோனைப் பிடித்த ஏற்பி டிஎன்ஏவில் போய் அமர்ந்து செய்யும் வேலையே அங்குள்ள ஹிஸ்டோன்களை நெகிழ்த்துவதோ இறுக்குவதோதான். அதற்கான நொதிகளை ஏற்பி தன்னிடம் அழைத்துக்கொள்கிறது. 2002இல் 'சயன்ஸ்' இதழில் ஷாங், பிரவுன் இருவரும் காட்டியபடி, மார்பகச் செல்லில் டமாக்சிஃபெனோடு கூடிய ஏற்பி இறுக்கும் நொதிகளை அழைக்கிறது. உட்சுவர்ச் செல்லில் நெகிழ்த்தும் கூட்டாளியான எஸ்ஆர்சி-1 மிகுதியாக இருப்பதால், சில மரபணுக்களில் அதையே அழைத்துவிடுகிறது.

மூன்று ஆண்டுகள் கழித்து 'நேச்சர்' இதழில் வந்த சீன ஆய்வு இன்னொரு கண்ணியைச் சேர்த்தது. பாக்ஸ்2 என்ற மரபணு, கரு வளரும்போது தேவைப்படுவது. இயல்பான உட்சுவரில் அதன் புரோமோட்டர் மெத்திலால் மூடியிருக்கிறது. எனவே டமாக்சிஃபென் வந்தாலும் ஈஸ்ட்ரோஜன் வந்தாலும் அது அசைவதில்லை. புற்றுச் செல்களில் அந்தப் பூச்சு உதிர்ந்துபோயிருந்தது. அங்கே இரண்டுமே பாக்ஸ்2வைத் தூண்டின, செல்கள் பெருகின. அதாவது இதே நோயில் ஓரிடத்தில் பூச்சு ஏறியதால் கேடு, வேறோர் இடத்தில் பூச்சு உதிர்ந்ததால் கேடு. கண்மூடித்தனமாக எல்லாவற்றையும் திறக்கும் மருந்தை மருத்துவர்கள் தயங்கித் தயங்கி அணுகுவதில் வியப்பில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் டமாக்சிஃபெனை நிறுத்திவிட வேண்டாம். மார்பகப் புற்று திரும்பாமல் அது காப்பாற்றும் உயிர்களோடு ஒப்பிட்டால் கருப்பை ஆபத்து சிறியது. ரத்தக்கசிவு வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கதை ஹேண்ட்2. உட்சுவரில் பெருகுவதும் புற்றாவதும் சுரப்பிகளின் எபிதீலியச் செல்கள். அவற்றுக்கு அடியில் ஸ்ட்ரோமா என்ற தாங்கு திசு உண்டு. பாடப்புத்தகப் படங்களில் நிறம்கூடக் கொடுக்காமல் விட்டுவிடும் பகுதி. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இந்திராணி பாக்சி, மிலன் பாக்சி குழுவினர் 2011இல் எலிகளில் கண்டது இது: புரோஜெஸ்டிரோன் எபிதீலியத்திடம் நேரடியாக 'நிறுத்து' என்று சொல்வதைவிட, ஸ்ட்ரோமாவில் ஹேண்ட்2 என்ற புரதத்தை உருவாக்கச் செய்கிறது. ஸ்ட்ரோமா வழக்கமாக அனுப்பிக்கொண்டிருக்கும் வளர்ச்சிக் காரணிகளை ஹேண்ட்2 அடக்குகிறது. அவை வராததால் எபிதீலியம் பெருகுவதை நிறுத்துகிறது. கட்டுப்பாடு அண்டை வீட்டில் இருக்கிறது.

2013இல் லண்டனில் மார்ட்டின் விட்ஷ்வெண்டர் குழு, உட்சுவர்ப் புற்றில் எந்த மரபணுக்களில் மெத்தில் பூச்சு ஏறியிருக்கிறது என்று முன்முடிவின்றித் தேடியது. மேலே வந்து நின்றவற்றில் முக்கியமானது ஹேண்ட்2. புற்றான திசுவில் மட்டுமல்ல, புற்றுக்கு முந்திய தடிப்பு நிலையிலேயே அது மூடத் தொடங்கியிருந்தது. எந்தப் பெண்களின் தடிப்பில் ஹேண்ட்2 மிகுதியாக மூடியிருந்ததோ அவர்களிடம் புரோஜெஸ்டிரோன் சிகிச்சை எடுபடவில்லை. ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் இருக்கலாம், ஸ்ட்ரோமாவில் ஏற்பிகூட இருக்கலாம். ஏற்பி எழுப்ப வேண்டிய மரபணு மூடிக் கிடந்தால் செய்தி எபிதீலியத்துக்குப் போய்ச் சேராது.

அதே ஆய்வில் ஒரு நடைமுறைப் பயனும் இருந்தது. மாதவிலக்கு நின்றபின் ரத்தம் கசிந்த பெண்களிடம், பஞ்சுக் குச்சியால் எடுத்த சுரப்பில் ஹேண்ட்2வின் மெத்திலை அளந்தே புற்றுள்ளவர்களைப் பிரித்தறிய முடிந்தது. இந்தக் குழு பிறகு வேறு இரண்டு மரபணுக்களின் மெத்திலை அளக்கும் சோதனை ஒன்றை உருவாக்கியது. 2023இல் 'லான்செட் ஆன்காலஜி'யில் வந்த ஒப்பீட்டில், வழக்கமான ஸ்கேனைவிட மிகக் குறைவான பெண்களையே அது வீணாக அடுத்தகட்டச் சோதனைக்கு அனுப்பியது. இது ஏன் முக்கியம் என்றால், இந்தப் புற்று வந்த பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு, மாதவிலக்கு நின்றபின் வரும் ரத்தக்கசிவுதான் முதல் அறிகுறி. ஆனால் அப்படிக் கசிபவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் புற்று இருக்கும். மீதி ஒன்பது பேரும் ஸ்கேன், திசுச் சோதனை, வலி, பயம், செலவு எல்லாவற்றையும் கடந்து வர வேண்டியிருக்கிறது. சித்தன்னவாசல் பக்கத்துக் கிராமத்தில் 58 வயதுப் பெண்ணுக்குத் திடீரென்று உதிரம் பட்டால் 'உடம்புச் சூடு' என்று வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பதும், மருமகளிடம் சொல்லக் கூச்சப்படுவதும் நடக்கிறது. மாதவிலக்கு நின்று ஓராண்டு ஆனபின் ஒரு சொட்டு பட்டாலும் அது சூடு அல்ல. புதுக்கோட்டைக்கு வந்து காட்டியாக வேண்டும். ஆரம்பத்தில் பிடிபட்டால் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையோடு முடிந்துபோகும் புற்று இது. குச்சிச் சோதனை வரும்வரை ஸ்கேனும் திசுச் சோதனையும்தான் வழி.

பூச்சைப் படிப்பது இன்றே பயன்படும் இடம் ஒன்றும் உண்டு, அது எம்எல்எச்1. டிஎன்ஏவைப் படியெடுக்கும்போது நேரும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் குழுவில் இந்த மரபணுவும் ஓர் உறுப்பு. உட்சுவர்ப் புற்றுகளில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் இந்தத் திருத்தும் வேலை நின்றுபோயிருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றில் எம்எல்எச்1 உடையவில்லை, மெத்திலால் மூடியிருக்கிறது. 1998இல் மனேல் எஸ்டெல்லர் குழுவினர் இதைக் காட்டினார்கள். திருத்துபவர் இல்லாததால் பிழைகள் ஆயிரக்கணக்கில் குவிகின்றன. ஆக, சுண்ணாம்பு பூசியதால் உளி கட்டவிழ்ந்துகொண்டது. இப்படிப் பிழை மலிந்த கட்டிகளை உடலின் நோயெதிர்ப்புச் செல்கள் அந்நியமாக அடையாளம் காண்பது எளிது. நோய் முற்றிய நிலையில்கூட டோஸ்டர்லிமாப் போன்ற எதிர்ப்பாற்றல் மருந்துகள் இவர்களிடம் நன்றாக வேலைசெய்வதை 2023இல் வந்த சோதனை முடிவுகள் உறுதிசெய்தன. விலைதான் நம் ஊருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

குடும்பத்துக்கும் இதில் சேதி உண்டு. கட்டியில் எம்எல்எச்1 புரதம் இல்லை என்று சாயச் சோதனையில் தெரிந்தால் அடுத்து அதன் புரோமோட்டரில் மெத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், பெரும்பாலும் அது அந்தப் பெண்ணின் கட்டியில் மட்டும் நடந்தது. மகளுக்கும் தங்கைக்கும் பயமில்லை. மெத்தில் இல்லையென்றால், பிறவியிலேயே உடைந்த மரபணுவோடு வந்திருக்கலாம். லிஞ்ச் நோய்க்குறி என்பது அதன் பெயர். அப்போது மகள், மகன், உடன்பிறந்தோர் எல்லோரும் குடல் புற்றுக்கும் சேர்த்துச் சோதித்துக்கொள்ள வேண்டும். உளியா சுண்ணாம்பா என்ற கேள்விக்கு விடை ஒரு குடும்பத்தின் அடுத்த முப்பது ஆண்டுகளை மாற்றிவிடும்.

எபிஜெனடிக்ஸ் என்ற சொல் இப்போது யூடியூப் வரை வந்துவிட்டது. மூச்சுப் பயிற்சியால் மரபணுவைத் திறக்கலாம், இந்தக் கஷாயம் மெத்திலைச் சரிசெய்யும் என்றெல்லாம் விற்கிறார்கள். எடையைக் குறைப்பது உட்சுவர்ப் புற்று ஆபத்தைக் குறைக்கும், அதில் ஐயமில்லை. ஈஸ்ட்ரோஜன் ஊற்று வற்றுகிறது, விளக்கம் அவ்வளவு நேரடியானது. ஹேண்ட்2வின் புரோமோட்டரைத் தேடிப்போய்த் துடைக்கும் கஷாயம் எதுவும் இல்லை.

நம் நாட்டில் செய்ய வேண்டிய வேலை வேறு இடத்தில் கிடக்கிறது. 2025இல் சென்னை ஐஐடி, இந்திய மார்பகப் புற்றுக் கட்டிகளின் மரபணுத் தரவுத் தொகுப்பை வெளியிட்டது. வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனால் அது எக்ஸோம் வாசிப்பு. புரதம் உருவாக்கும் பகுதிகளின் எழுத்துகளை மட்டும் படிக்கும் முறை. மெத்தில் பூச்சு அதில் தெரியாது. கருப்பை உட்சுவர்ப் புற்றுக்கு இப்படியொரு தொகுப்பைச் செய்யும் நாளில் எழுத்தோடு பூச்சையும் சேர்த்துப் படித்தாக வேண்டும், இல்லையென்றால் இந்த நோயின் பாதியை விட்டுவிடுவோம்.

அதன் தேவை முதலில் உறைப்பது இளம்பெண்களிடம்தான். முப்பது வயது, பிசிஓடி, குழந்தை இல்லை என்று சிகிச்சைக்கு வந்த இடத்தில் திசுச் சோதனை செய்தால், புற்றுக்கு முந்திய தடிப்பு, சில சமயம் ஆரம்ப நிலைப் புற்றே தெரிய வருகிறது. கருப்பையை எடுத்துவிடுவது பாதுகாப்பான வழி. குழந்தை வேண்டும் என்றால், புரோஜெஸ்டிரோன் மாத்திரையோ, லெவோநார்ஜெஸ்ட்ரல் கசியும் கருப்பைச் சாதனமோ வைத்து, மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒருமுறை திசுவெடுத்துப் பார்க்கிறார்கள். பலருக்குத் தடிப்பு மறைகிறது. சிலருக்கு மறைவதில்லை, அதற்குள் அரை ஆண்டு போய்விடுகிறது. நோயியல் மருத்துவர் சாயமேற்றி ஏற்பி இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அந்த ஏற்பிக்குக் கீழே ஹேண்ட்2 திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதை அந்தச் சாயம் காட்டாது. அதைச் சிகிச்சை தொடங்கும் முன்பே அளந்து, யாருக்கு மருந்து எடுபடும், யாரை ஆறு மாதம் காக்க வைக்கக் கூடாது என்று சொல்லும் சோதனை வழக்கமான சிகிச்சையில் இன்னும் இடம்பெறவில்லை. அதற்கு வேண்டியது முதல் நாள் எடுத்த திசுத் துண்டில் மிஞ்சும் கொஞ்சம்தான். அந்தத் துண்டு இன்று மெழுகுக் கட்டியில் பதித்து அலமாரியில் வைக்கப்படுகிறது.